அத்திம்பேருக்கு வந்த பரவசம்

என் அக்கா புருஷனுக்குப் பக்தி ஒரு பீரோவோடு சேர்ந்து வந்தது. கேலிக்காகச் சொல்லவில்லை. நடந்தது அப்படித்தான்.

அப்போது நாங்கள் காளிகாட்டில் குடியிருந்தோம். கல்கத்தாவில் மின்சார டிராம் ஓட ஆரம்பித்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அத்திம்பேர் வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றில் தலைமைக் கணக்கர். நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து, அவர் சிபாரிசில் ஒரு கப்பல் ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, அவர் வீட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒருவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே அவரை வெறுப்பது எத்தனை சிரமமான காரியம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அத்திம்பேர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருப்பதற்கும் சொந்தமாக ஏதாவது சரக்கு வேண்டும். அவரிடம் அது கிடையாது. துரையோடு பேசிவிட்டு வந்த நாளில் துரை மாதிரியே தொண்டையைச் செருமுவார். வங்காளி ஜமீன்தார் ஒருவரைப் பார்த்துவிட்டு வந்தால் ஒரு வாரம் வேஷ்டி முனையைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பார். எதிரே யார் நிற்கிறார்களோ அவர்களாக ஆகிவிடுகிற சுபாவம். அக்காவும் அதைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருந்தாள்.

கம்பெனியின் பழைய துரை சீமைக்குத் திரும்பியபோது அவர் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. துரை புழங்கிய பொருள் ஒன்றாவது தன் வீட்டில் இருக்க வேண்டும் என்று அத்திம்பேருக்கு ஆசை. நிலைக்கண்ணாடி பதித்த தேக்கு பீரோ ஒன்றை எடுத்தார். காலையிலிருந்து கேட்பார் இல்லாமல் சுவரில் சாய்ந்து கிடந்த ஆளுயரப் படம் ஒன்றையும் ஏலக்காரன் அதோடு தள்ளிவிட்டான். சட்டம் உளுத்துப் போயிருந்தது. கூலிக்காரர்கள் இரண்டையும் தலையில் தூக்கிக்கொண்டு எங்கள் சந்துக்குள் வந்தார்கள். காளி கோயிலுக்குப் போகிற யாத்ரீகர்கள் ஏதோ புதுச் சாமி வருகிறது என்று வழிவிட்டு ஒதுங்கினார்கள். சிலர் கும்பிடவும் செய்தார்கள். அந்த ஊரில் தலைமேல் தூக்கிக்கொண்டு போனால் எதையும் கும்பிடுவார்கள்.

படத்தை மாடி அறையில், பீரோவுக்கு நேர் எதிரே நிறுத்தினோம். எண்ணெய்ச் சாயத்தில் தீட்டியது. முக்கால் பங்கு இருட்டு. அந்த இருட்டில் ஒரு கிறிஸ்தவச் சாமியார் பாறைமேல் முழங்காலிட்டிருந்தார். பழுப்பு அங்கி, இடுப்பில் முடிச்சுப் போட்ட கயிறு. இடது பக்கம் மேல் மூலையிலிருந்து நெய் உருகி வழிகிற மாதிரி வெளிச்சம் இறங்கி அவர் முகத்தில் விழுந்தது. கண்கள் மேலே செருகி வெள்ளைதான் அதிகம் தெரிந்தது. உதடு லேசாகப் பிரிந்திருந்தது. ஒரு கை மார்பில். மற்றக் கை, எதையோ கீழே போட்டுவிட்டுத் தேட மறந்துபோன மாதிரி விரிந்து கிடந்தது. கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர். அதுவும் வழிந்து வீணாகாமல் வாகான இடத்தில் நின்றிருந்தது. காலடியில் ஒரு மண்டையோடு. மேலே மேகத்தில், கழுத்துக்குக் கீழே உடம்பே இல்லாமல் இறக்கை மட்டும் முளைத்த குழந்தைத் தலைகள்.

அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

"யாருடா இது, பல்வலிக்காரன் மாதிரி?"

"பல்வலியாம்," என்றார் அத்திம்பேர். "இத்தாலி தேசத்து வேலை. முந்நூறு வருஷத்துப் பழசுன்னு சொல்றான். பெரிய ஞானி. பகவானை நேருக்கு நேர் பாத்துண்டிருக்கார்."

"அவர் பாக்கட்டும். நாம எதுக்கு அவரைப் பாக்கணும்?" என்று சொல்லிவிட்டு அக்கா கீழே போய்விட்டாள்.

நான் அந்தப் படத்தைப் பல தடவை நின்று பார்த்திருக்கிறேன். எனக்கு அது பிடிக்கவில்லை. கடவுளைத் தனியாகக் கண்டவன் இவ்வளவு நன்றாகத் தெரியும்படி முகத்தைத் திருப்பிக்கொண்டா உட்காருவான்? இந்தச் சாயத்துக்கு முன்னால் எங்கோ ஒரு கூலியாள் அங்கியை மாட்டிக்கொண்டு, சாப்பாட்டை நினைத்துக்கொண்டு, ஓவியன் சொன்ன பக்கம் கண்ணைச் செருகியிருப்பான். அவனைப் பார்த்து ஓவியன், ஓவியத்தைப் பார்த்து துரை என்று அந்தப் பொய் கைமாறி எங்கள் மாடிக்கு வந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். பொய் சொல்லாதது ஓர் இடம்தான். அங்கிக்கு வெளியே நீட்டியிருந்த அந்தப் பாதங்கள். வெடிப்பும் அழுக்குமாக, உண்மையாகவே நடந்த மனிதனின் பாதங்கள். அவற்றை யாரும் பார்க்கவில்லை. அத்திம்பேரும்தான்.

முதலில் வருகிறவர்களையெல்லாம் மாடிக்கு அழைத்துக்கொண்டுபோய்ப் படத்தைக் காட்டினார். பிறகு காட்டுவதை நிறுத்திவிட்டார். அதன் மேல் ஒரு பழைய வேஷ்டி விழுந்தது. ஏன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குத் தெரிந்தது. ஏதோ கேட்கப் போனவன் திறந்திருந்த கதவருகே நின்றேன். வேஷ்டி நீக்கப்பட்டிருந்தது. அத்திம்பேர் பீரோ கண்ணாடியின் முன் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் சாமியாரும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தார்கள். ஒரு கை மார்பில். கண்கள் மேலே. சாமியாருடைய உதட்டை ஒரு தடவை பார்ப்பார், தன் உதட்டை ஒரு தடவை பார்ப்பார், கொஞ்சம் மூடிக்கொள்வார்.

நான் இருமினேன்.

"கண்ணுல ஏதோ விழுந்துடுத்து," என்றார்.

பவானிப்பூரில் தபால் இலாகா உத்தியோகஸ்தர் ஒருவர் வீட்டில் ஏகாதசிதோறும் பஜனை நடக்கும். கல்கத்தாவில் அன்றிருந்த தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் அங்கே வரும். அத்திம்பேருக்குப் பாட்டும் வராது, தாளமும் வராது. பின்வரிசையில் உட்கார்ந்து, மற்றவர்கள் தட்டி முடித்த பிறகு ஒரு தட்டுத் தட்டுவார். அடுத்த ஏகாதசியன்று முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். நாமாவளி சூடு பிடித்த நேரத்தில் தட்டுவதை நிறுத்தினார். கை மார்புக்குப் போயிற்று. கண் செருகியது. மற்றக் கை மடியில் மெல்ல விரிந்தது. பாடிக்கொண்டிருந்தவர் அடியை மறந்து நின்றார். ஜால்ரா நின்றது. யாரோ ஒருவர் "சமாதி" என்று முணுமுணுத்தார். பெண்கள் பக்கத்தில் விசும்பல் கேட்டது.

டிராமில் திரும்பும்போது அவர் என்னிடம் கேட்டது இது ஒன்றுதான்:

"நீ எங்க உக்காந்திருந்தே? அங்கேர்ந்து நன்னாத் தெரிஞ்சுதா?"

நான் தெரிந்தது என்றேன். வேறென்ன சொல்வது?

அதன் பிறகு கூட்டம் எங்கள் வீட்டுக்கே வர ஆரம்பித்தது. சனிக்கிழமை சாயங்காலம் கூடத்தில் இடம் இருக்காது. தமிழர்களைவிட வங்காளிகள் விரைவில் வந்தார்கள். இந்த விஷயங்களில் அவர்களுக்குப் பழக்கம் அதிகம். பக்கத்து வீட்டு வங்காளி அம்மாளை நாங்கள் மாஷிமா என்று கூப்பிடுவோம். சித்தி என்று அர்த்தம். நல்ல மனுஷி. அவள் முதல் நாளே கண்ணைத் துடைத்துக்கொண்டு "பாப் ஹோயேச்சே" என்றாள். பாவம் வந்துவிட்டது என்று அர்த்தம். பக்திப் பரவசம் என்கிற பாவத்தை அவர்கள் அப்படித்தான் உச்சரிப்பார்கள். எனக்கு ஞாபகம் வந்தது, புண்ணியத்துக்கு எதிரான நம்முடைய மற்றப் பாவம்.

இந்தப் புதுத் தொழிலில் அத்திம்பேர் முன்னேறினார். அதைச் சொல்லத்தான் வேண்டும். மேற்கு ஜன்னலைத் திறந்து, மற்ற ஜன்னல்களைச் சாத்தச் சொன்னார். வெயில் சாய்கிற நேரத்தில் வெளிச்சம் அவருடைய வலது கன்னத்தில் மட்டும் விழுந்தது. இமைக்காமல் இருந்தால் கண்ணில் தண்ணீர் கட்டும் என்று கண்டுபிடித்தார். முதலில் அது வழிந்து மூக்கோரம் போய்விடும். போகப்போகக் கன்னத்தில் நிறுத்தவும் கற்றுக்கொண்டார். உப்பை விட்டார், புளியை விட்டார். சிஷ்யர்கள் கொண்டுவந்த சந்தேஷ் என்கிற பால் மிட்டாயை மட்டும் விடவில்லை. வயிற்றுக் கோளாறு என்று ஆபீஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

சிஷ்யர்களில் முக்கியமானவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தமிழ் ஓவர்சீயர். வாழ்நாள் முழுவதும் பாலங்களும் மதகுகளும் கட்டியவர். எது நிற்கும், எது விழும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் அத்திம்பேருடைய காலடியில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். அத்திம்பேரைவிட இவரைப் பார்க்கத்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது. ஏமாற்றுகிறவனுக்காவது கொஞ்சம் உழைப்பு இருக்கிறது.

இந்தக் கூட்டத்துக்கெல்லாம் சமைத்துப் போட்டது அக்கா. அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை ஓவர்சீயர் கைகூப்பிக் கேட்டார்: "சுவாமிக்கு இந்த நிலை வந்தப்புறம் சம்சாரம், குடும்பம்லாம் எப்படித் தோண்றது?"

அத்திம்பேர் கையை மார்பில் வைத்துக்கொண்டார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி அக்காவைக் கூப்பிடச் சொன்னார். அவள் கையில் கரண்டியோடு வந்து கதவோரம் நின்றாள். அவர் எழுந்தார். கண்ணை மேலே செருகிக்கொண்டு, "இவளும் எனக்கு அம்மாதான். இன்னிலேர்ந்து அம்மா," என்றார். அத்தனை பேர் முன்னிலையில் அவள் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். கூடம் முழுவதும் அழுதது. மாஷிமா குலவையிட்டாள்.

அக்காவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. குழந்தை வேண்டும் என்று காளி கோயிலில் வேண்டிக்கொண்டு செவ்வாய்க்கிழமைதோறும் விரதம் இருந்துகொண்டிருந்தாள். அது அவருக்கும் தெரியும்.

கூட்டம் போன பிறகு நான் சமையலறைக்குப் போனேன். அவள் அடுப்பைத் தணித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அழுகை வரலைடா," என்றாள் அவளாகவே. "கையில கரண்டி இருந்துது. அதைக் கீழ வைக்கணுமா, வச்சுக்கணுமான்னு யோசிச்சுண்டே நின்னுட்டேன்."

"நான் பேசறேன் அவர்கிட்ட."

"நீ என்ன பேசுவே? அவர் கண்ணை மேல தூக்கிப்பார். அந்தப் பல்வலிக்காரனைக் கீழ கொண்டுவரணும். நீயும் பால்காரனுமாத் தூக்கிடுவேளா?"

அவளும் எல்லாம் கண்டுபிடித்து வைத்திருந்தாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை அத்திம்பேர் சிஷ்யர்களோடு ஆதிகங்கையில் குளிக்கப் போயிருந்த நேரத்தில் படத்தைக் கீழே இறக்கினோம். கூடத்தில் அவர் உட்காருகிற இடத்துக்கு நேர் பின்னால் சுவரில் ஆணி அறைந்து மாட்டினோம். கூட்டத்தோடு உள்ளே வந்த அத்திம்பேர் அதைப் பார்த்தார். முகம் வெளுத்தது. எடு என்று சொல்ல முடியவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். போய் அதன் அடியில் உட்கார்ந்தார். வழக்கத்தினால் கை மார்புக்குப் போயிற்று, பாதியில் நின்றது. ஆனால் போதும். எல்லாரும் மேலே பார்த்தார்கள், கீழே பார்த்தார்கள், மறுபடி மேலே பார்த்தார்கள். அதே கண். அதே உதடு. அதே கன்னத்தில் அதே வெளிச்சம்.

என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்த நேரங்கள் குறைவு.

ஓவர்சீயர் மெதுவாக எழுந்தார்.

"பாத்தேளா," என்றார். "சுவாமியோட பூர்வ ஜன்மம்."

எனக்கு முதலில் புரியவில்லை. அதற்குள் மாஷிமா குலவையிட்டுவிட்டாள். பின்னால் இருந்தவர்கள் முன்னால் வந்து விழுந்தார்கள். வெள்ளைக்கார தேசத்தில் எப்போதோ பிறந்து பகவானைக் கண்ட மகானே காளிகாட்டில் மறுபடி பிறந்து வந்திருக்கிறார். அவருடைய படமும் அவரைத் தேடிக் கடல் கடந்து வந்திருக்கிறது. இதைவிட வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? அத்திம்பேர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

"வெளியில தெரியப்படாதுன்னு இருந்தேன்."

அன்றே சாமியாருக்கு மாலை விழுந்தது. நெற்றியில் யாரோ குங்குமம் இட்டார்கள். மண்டையோட்டுக்கும் ஒரு செம்பருத்தி கிடைத்தது. சாம்பிராணியும் விளக்குப் புகையும் சந்தனமும் வாரா வாரம் படத்தின் மேல் ஏறின. கூட்டம் வாசல் தாண்டிச் சந்துவரை நின்றது. மனிதர்களைப் பற்றி எனக்கு அதுவரை இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் அந்த வாரங்களில் போயிற்று.

அக்கா சமைத்தாள், பரிமாறினாள், பாத்திரம் ஒழித்துப் போட்டாள். நான் அவள் தோற்றுவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

கம்பெனியிலிருந்து கடைசி எச்சரிக்கை வந்த வாரம் அது. சனிக்கிழமை சாயங்காலம் கூடம் நிரம்பியிருந்தது. அத்திம்பேர் கண்ணைச் செருகி உட்கார்ந்திருந்தார். அக்கா தலை வாரி, பெட்டியிலிருந்த அரக்குப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள். கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. அவருக்கு எதிரே பலகையைப் போட்டு உட்கார்ந்தாள்.

"குழந்தே, இப்படி வா," என்றாள்.

யாரைக் கூப்பிடுகிறாள் என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். புருஷனை ஒருமையில் கூப்பிடும் பெண்ணை அந்தக் கூடத்தில் யாரும் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை.

"உன்னைத்தான். அம்மா கூப்பிடறேன்."

அத்திம்பேர் கண்ணைத் திறந்தார். அவளைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். மெல்ல எழுந்து வந்து அவள் முன்னால் உட்கார்ந்தார். வேறு என்ன செய்ய முடியும்?

"திங்கக்கிழமைலேர்ந்து நீ ஆபீஸுக்குப் போகணும்."

"அம்மா," என்றார் அவர், குரலை நெகிழ விட்டு. "இந்த நிலையில ஆபீஸ், உத்தியோகம்னு..."

"அம்மா சொன்னா மாட்டேன்னு சொல்லுவியா?"

அவர் ஓவர்சீயரைப் பார்த்தார். அந்த மனிதர் கண்ணில் நீரோடு கைகூப்பி நின்றார். "அம்மாவோட ஆக்ஞை," என்றார். "சுவாமி தட்டப்படாது." கூட்டம் ஆமாம் என்றது. மாஷிமா ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அவளுடைய முகத்தில் மட்டும் ஒரு சிரிப்பு வந்து போனதை நான் பார்த்தேன்.

"உப்புப் போட்டுத்தான் இனிமே சாப்பிடணும்," என்றாள் அக்கா. "சந்தேஷ் வேண்டாம், வயத்துக்கு ஆகாது. சனிக்கிழமை இப்படி உக்காந்துண்டு உடம்பைக் கெடுத்துக்காதே, போய்ப் படுத்துத் தூங்கு."

அவர் கை தன்னையறியாமல் மார்புக்குப் போயிற்று. கண் மேலே கிளம்பியது.

"கண்ணை அப்படிச் செருகாதே," என்றாள். "பார்வை போயிடும்."

கண் இறங்கிவிட்டது.

திங்கட்கிழமை காலையில் அத்திம்பேர் கோட்டு மாட்டிக்கொண்டு டிராமுக்குப் போனார். முதல் சில நாட்கள் சிஷ்யர்கள் அம்மாவின் மகிமையைப் பேசிக்கொண்டு வந்துபோனார்கள். ஆனால் ஆபீஸ் நேரத்தில் தூக்குச்சட்டியோடு டிராமுக்கு முண்டியடிக்கிற மகானை எத்தனை நாள்தான் வணங்க முடியும்? டாலிகஞ்சில் ஒரு அம்மாள் காற்றை மட்டும் சாப்பிட்டு உயிர் வாழ்கிறாள் என்று சேதி வந்தது. முதலில் அங்கே போனவர் ஓவர்சீயர்தான்.

படம் கொஞ்ச நாள் சுவரிலேயே கிடந்தது. அக்கா பழைய சாமான் வியாபாரி ஒருவனைக் கூப்பிட்டுவிட்டாள். அவன் குங்குமத்துக்கும் சந்தனத்துக்கும் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க, துணியில் மண்ணெண்ணெயை நனைத்து முகத்தைத் துடைத்தான். குங்குமத்தோடு ஒரு கண்ணும் துணியில் வந்துவிட்டது. அவன் துணியைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், பேசாமல் படத்தைத் தூக்கிக்கொண்டு போனான்.

கூட்டம் நின்ற பிறகு எல்லாம் பழையபடி ஆகும் என்று அத்திம்பேர் எதிர்பார்த்திருக்க வேண்டும். ஒரு காலை, ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, அவர் சமையலறை வாசலில் நின்று தணிந்த குரலில் பேசுவது என் காதில் விழுந்தது.

"போதும்டி இந்த விளையாட்டு."

"அம்மாவை டீ போட்டுக் கூப்பிடப்படாது," என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை. தாளிக்கிற சத்தம் கேட்டது. "சாதம் ஆயிடுத்து. உக்காரு."

அவர் உட்கார்ந்தார். அவள் பரிமாறினாள்.

அவள் அதிலிருந்து இறங்கவே இல்லை. மாடி அறையைத் தனக்கு எடுத்துக்கொண்டாள். மாஷிமாவிடம் வங்காளி எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு, மத்தியானங்களில் இருவருமாகக் கதைப் புத்தகம் படிப்பார்கள். செவ்வாய்க்கிழமை விரதத்தை விட்டுவிட்டாள். அதை விட்ட அன்று அவள் எப்படி இருந்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் ஆபீஸில் இருந்தேன். பின்னால் எனக்குக் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்த பிறகு, என் மனைவி ஒருநாள் அவளிடம் தயங்கித் தயங்கி, "அவர் ஏன் உங்களை அம்மான்னு கூப்பிடறார்?" என்று கேட்டுவிட்டாள்.

அக்கா பூத்தொடுத்துக்கொண்டிருந்தாள். நாரைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "அவருக்குத் தோணித்து, கூப்பிட்டார்," என்றாள். பிறகு என் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டாள். நெடுநேரம் உள்ளே வரவில்லை.

வயதானால் இதெல்லாம் ஆறிவிடும் என்கிறார்கள். அத்திம்பேர் போய் வெகுகாலம் ஆகிறது. அவரை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும். மன்னிக்கவில்லை.